பிள்ளையைத் தற்காப்புக் கலையில் சேர்க்கும் முன்: நிய்யத் என்ன?



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் மதரஸாவுக்கு ஒரு கேள்வி வந்துவிடும். "ஹஸ்ரத், பிள்ளையைக் கராத்தேயில் சேர்க்கலாமா?" தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என எங்கு பார்த்தாலும் மொட்டைமாடிகளில் வகுப்புகள் நடக்கின்றன. "எதற்காகச் சேர்க்கிறீர்கள்?" என்று நாம் திருப்பிக் கேட்டால் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பார்கள். அல்லது பக்கத்து வீட்டுப் பையன் மஞ்சள் பெல்ட் வாங்கிவிட்டான் என்பார்கள்.

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது புகாரியின் முதல் ஹதீஸ். தொழுகைக்கும் நோன்புக்கும் அதை ஓதிக் காட்டும் நாம், பிள்ளையின் உடலைப் பயிற்றுவிக்கும் காரியத்தில் மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்? நோக்கம் எதுவென்று தெளிந்துவிட்டால், எந்தக் கலை என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பிள்ளை போட்டிகளில் சாதிக்க வேண்டும் என்பது நோக்கமானால், டேக்வாண்டோவும் ஜூடோவும் ஒலிம்பிக்கில் நிலைபெற்றவை. கராத்தே டோக்கியோவில் மட்டும் இடம்பெற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இல்லை. உடலுறுதியும் அரசு வேலைவாய்ப்பும் நோக்கமானால் நம் மண்ணின் சிலம்பம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் அதற்கும் இடமுண்டு. ஒரு கம்பும் சிறிது திறந்தவெளியும் இருந்தால் போதும், செலவு குறைவு.

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் தினமும் கல்லூரிக்குப் போகும் மகளின் பாதுகாப்பே நோக்கம் என்றால், கதை வேறு. ரயிலில் அவள் கையில் சிலம்பக் கம்பு இராது. கையைப் பிடித்தவனின் பிடியை விடுவிப்பது, அடிபடாமல் விழுவது, உரக்கக் கத்துவது, விலகி ஓடுவது ஆகியவையே அவளுக்குத் தேவை. பிடியையும் வீழ்த்தலையும் அடிப்படையாகக் கொண்ட ஜூடோ போன்ற கலை அதற்கு நெருக்கமானது. அதற்காகச் சற்றுத் தொலைவு போக நேர்ந்தாலும் போகலாம்.

"பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்போருக்கும் ஒன்று சொல்கிறோம். பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவளை வீட்டில் நிறுத்திவிட்டு, அவளுடைய தம்பியை மட்டும் வகுப்புக்கு அனுப்புவது எந்த நீதி? பெண்களுக்கெனத் தனி வகுப்பையும் பெண் பயிற்சியாளரையும் ஜமாஅத்தார் கேட்டுப் பெற வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் ஹிதாயா மலாக் தலையை மறைத்தபடியே டேக்வாண்டோவில் வெண்கலம் வென்றார். ஹிஜாப் அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

தற்காப்புக் கலைகள் அனைத்தும் ஹராம் என்று ஒரே சொல்லில் முடிப்போருடனும் நாம் உடன்படவில்லை. பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் காட்டினார்கள். அதே வேளையில், சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்குமாறு ஏவினார்கள். ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை 1987இல் மக்காவில் கூடிக் குத்துச்சண்டையைத் தடுத்ததும் அதன் தீங்குகளைக் கருதியே. எனவே எந்தக் கலையானாலும், முகத்தில் அடிக்கும் பயிற்சி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

இவற்றையெல்லாம்விட நம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. "காலம் சரியில்லை ஹஸ்ரத், நம் பிள்ளைகள் திருப்பி அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்று சில தந்தையர் சொல்கிறார்கள். அவர்களுடைய அச்சம் நமக்குப் புரிகிறது. ஆயினும், ஏழு வயதுக் குழந்தையின் நெஞ்சில் அந்த அச்சத்தை விதைத்து அனுப்பினால், அது கற்றுக்கொள்வது தற்காப்பு அன்று, பகை. அப்பகை வெளிப்படப்போவது எங்கோ இருக்கும் எதிரியிடம் அன்று. பள்ளியில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பனிடமும் வீட்டில் இருக்கும் தங்கையிடமும்தான். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்பது நபிமொழியின் கருத்து. அடிக்கக் கற்றுத்தருபவரைவிட, எப்போது அடிக்கக்கூடாது எனக் கற்றுத்தரும் ஆசானே நம் பிள்ளைக்குத் தேவை.

ஆகவே பணம் கட்டும் முன் இரண்டு வகுப்புகளை உட்கார்ந்து பாருங்கள். ஆசான் சிறுவர்களை இழிவாகப் பேசுகிறாரா? விழும் முறையை முதலில் கற்பிக்கிறாரா? மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் என்று கட்டணம் கேட்கிறாரா? மக்ரிப் தொழுகைக்கு விடுவாரா? குனிந்து வணங்கும் வழக்கம் இருந்தால், ருகூவும் ஸுஜூதும் எங்களுக்கு அல்லாஹ்வுக்கு மட்டுமே என்பதை முன்கூட்டியே பணிவாகச் சொல்லுங்கள். நெஞ்சில் கைவைத்து மரியாதை செய்தால் போதும் என்று ஏற்பவரிடம் பிள்ளையை ஒப்படையுங்கள்.

பெல்ட்டின் நிறத்தை மறுமையில் யாரும் கேட்கப்போவதில்லை. கையில் வந்த வலிமையை எதற்குப் பயன்படுத்தினாய் என்ற கேள்வி நிச்சயம் உண்டு. அதற்கு நல்ல விடை சொல்லும் பிள்ளைகளாக நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.