முதிரைப் படலைக்கு வார்ணிஷ் அடிக்காதீர்கள்

“முதிரைக்குப் போய் நிறம் பூசுறதோ? தெளிஞ்ச வார்ணிஷ் ரெண்டு கோட் அடிச்சு விடுங்கோ அண்ணை, காலத்துக்கும் நிக்கும்.” கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ புதிதாகப் படலை போடுகிற எவருக்கும் இந்த ஆலோசனை கிடைக்கும். தச்சுப் பட்டறையில் சொல்வார்கள், ஹாட்வெயார் கடையில் சொல்வார்கள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற அயலவரும் சொல்வார். நல்ல மரம் தன் நிறத்திலேயே மினுங்க வேண்டும், நிறம் பூசுவது மலிவு மரத்தை மறைக்கிறவன் வேலை என்பது ஊரின் முடிவு. வீட்டுக்கு வெளியே, வெயிலில் நிற்கிற மரத்துக்கு இந்த முடிவு முழுப் பிழை. நல்ல மரங்களை அநியாயமாகக் கெடுத்துக்கொண்டிருக்கிற பிழை.

இரண்டு மூன்று கோடை கண்ட, மேற்குப் பார்த்த ஒரு வார்ணிஷ் படலைக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். கீழ்ச்சட்டம் இன்னும் மினுங்கும். மேற்சட்டத்தில் வார்ணிஷ் வெடித்து, ஓரங்கள் சுருண்டு நிற்கும். நகத்தால் கிளப்பினால் ஒரு துண்டு கழன்று வரும். அதைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் வெளிறிய மெல்லிய மரநார் ஒட்டியிருக்கும். வார்ணிஷின் பிடி தளரவில்லை. அது பிடித்திருந்த மரத்தின் மேற்பரப்புத்தான் உக்கி, அதனோடு சேர்ந்து வந்துவிட்டது. கழன்ற இடத்துக்குப் பக்கத்தில் கறுத்த திட்டுகள் இருக்குமானால், மாரித் தண்ணீர் வெடிப்பால் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்று பூஞ்சணம் பிடித்த இடம் அது.

மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். மரத்தின் எடையில் ஏறக்குறையக் கால்பங்கு அதுதான். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் இந்த லிக்னினைத்தான் சிதைக்கிறது. நிறமில்லாத சாதாரண வார்ணிஷ் அந்தக் கதிரைத் தடுப்பதில்லை, உள்ளே விட்டுவிடுகிறது. மேலே படலம் முழுதாக இருக்கும்போதே கீழே மரம் கெடத் தொடங்கிவிடும். படகுகளுக்கு அடிக்கிற விலை கூடிய வார்ணிஷில் கதிரை உறிஞ்சும் சேர்மானங்கள் உண்டு. அவையும் வெயிலில் நாளடைவில் சக்தி இழப்பதால், அதற்கும் திரும்பத் திரும்ப மேற்கோட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வன்னி வெயிலின் கணக்கும் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஓகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சோளகக் காற்று மரத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். ஒக்ரோபரில் மாரி தொடங்கியதும் அதே மரம் ஊறிப் பருக்கும். சுருங்கிப் பருக்கிற மரத்தின் மேல் இறுகிய வார்ணிஷ் படலம் ஈடுகொடுக்க மாட்டாமல் வெடிக்கிறது. உச்சி வெயில் நேரே விழுவது மேற்சட்டத்திலும் தூண்களின் தலையிலும் என்பதால் அவைதான் முதலில் போகும்.

வார்ணிஷ் மீதான நம்பிக்கை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அலுமாரிக்கும் மேசைக்கும் விறாந்தை நிழலில் இருக்கிற முன்கதவுக்கும் வார்ணிஷ் நல்ல பூச்சுத்தான். ஆண்டுக்கணக்கில் நின்றதை எல்லாரும் கண்டிருக்கிறோம். அதே பேணியைத் திறந்து வேலிக்கு அடிப்பது புதுப்பழக்கம். எங்கள் பழைய வேலிகளுக்குப் பூச்சே தேவைப்படவில்லை. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டால் துளிர்த்து நிற்கும். அலம்பலும் பனைமட்டையும் உக்கினால் மாற்றிக் கட்டுவோம். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய காணிகளில் தகரம் வேலியானது. பின்னர் வசதி வந்த இடங்களில், வெளிநாட்டுக் காசு வந்த இடங்களில், மதிலும் பலகை வேலியும் பெரிய மரப் படலையும் வந்தன. திறந்த வெயிலில் சீவிய பலகையைப் பராமரிக்கிற அனுபவம் எங்கள் ஊர்களுக்குப் புதிது. அந்த இடைவெளியில்தான் அலுமாரிக்கான அறிவுரை படலைக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு சாரார் எதிர்ப்பக்கம் போகிறார்கள். மோட்டார் சைக்கிள் கராஜில் வாங்கிய கழிவு ஒயிலைத் தூணிலும் பலகையிலும் கறுக்கப் பூசினால் வெயிலும் அண்டாது, கறையானும் வராது என்கிறார்கள். எஞ்சின் ஒயில் காய்ந்து இறுகுகிற எண்ணெய் அல்ல. மழையோடு கழுவுப்பட்டு நிலத்துக்கு இறங்கும். கறுத்த பலகை வெயிலை வாங்கிக் கூடச் சூடாகும், மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து வெடிக்கும். கறையானோ மண்ணுக்குள்ளால் வருகிறது. வைரம் பாய்ந்த பாலையையும் முதிரையையும் அது இலேசில் தொடாது, வெளிறைத்தான் அரிக்கும். தூண் வாங்கும்போது வெளிறைச் செதுக்கிவிட்டுத் தரச் சொல்வது எந்த ஒயிலையும்விட மேல். நிலத்துக்கு இறங்குகிற ஒயில் கிணற்றுக்கும் போகும். சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு கொடுக்கும்படி மின்னுற்பத்தி நிறுவனத்துக்கு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒரு வேலித்தூணில் பூசும் அளவு அதற்கு ஈடல்ல என்பது உண்மை. ஆனாலும் கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிற நாங்கள் கிணற்றடி வேலிக்கே அந்த ஒயிலைப் பூசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் வெயிலில் நிற்கிற மரத்துக்கு என்ன நிறம்? செங்காவி கலந்த கபிலம், கடுமையாகவும் இல்லாமல் வெளிறலாகவும் இல்லாமல். காவிக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஒட்சைட்டு. அது புறஊதாக் கதிரைத் தானே வாங்கி மரத்துக்குப் போகாமல் மறிக்கிறது. நிறம்தான் இங்கே மரத்துக்குக் குடை. சுவீடனில் ஃபாலுன் செப்புச் சுரங்கத்தின் மண்ணிலிருந்து எடுத்த இரும்புச் செந்நிறத்தை மரவீடுகளுக்கு நூற்றாண்டுகளாகப் பூசி வருகிறார்கள். 1992இல் சுரங்கத்தை மூடிய பிறகும் அந்தப் பூச்சு கைவிடப்படவில்லை. நமது கடைகளில் கேட்க வேண்டியது வெளிப்புறத்துக்கான, நிறமுள்ள, மரத்துக்குள் ஊறுகிற ஸ்டெயின். அது மேலே தடித்த படலமாக நிற்பதில்லை. அதனால் உரிவதில்லை, மெல்ல மங்கும். மங்கினால் கழுவிக் காயவிட்டு மேலே ஒரு கோட் அடிக்கலாம், சுரண்டத் தேவையில்லை. தேன் நிறம் வடிவுதான், ஆனால் அதில் நிறப்பொருள் குறைவு, கெதியாய் மங்கிவிடும். செங்கபிலத்துக்கு இன்னொரு வசதி, எங்கள் வீதிப் புழுதியும் அதே நிறம்.

மாரி முடிந்து மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில் பூச வேண்டும். காலையிலோ மாலையிலோ நிழல் விழுந்த பக்கத்தில் பூசுங்கள். சூடேறிய பலகையில் அடித்தால் ஊற முதலே மேலே காய்ந்துவிடும். மேற்சட்டத்துக்கும் தூண் தலைக்கும் பலகையின் வெட்டுவாய்களுக்கும் கூடுதலாக ஊற விட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த பூச்சானால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிட்டு எறியுங்கள். பூசிய மரத்தில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும் வரை வேலை இல்லை. உறிஞ்சத் தொடங்கினால் அடுத்த கோட்டுக்கு நாள் வந்துவிட்டது.

செலவழிக்க விருப்பமில்லையா, ஒன்றும் பூசாமல் விடுங்கள். மரம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். அமெரிக்காவில் மடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் அரச மர ஆய்வுகூடத்தின் கணக்குப்படி, பூச்சில்லாத மென்மரம்கூட வெயில் மழையில் நூறு ஆண்டில் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர்தான் தேய்கிறது. வன்மரம் அதைவிடக் குறைவு. வன்னி வெயிலில் அது கூடலாம் என்று வைத்துக்கொண்டாலும், சாம்பல் நிறத்துப் பாலைத்தூண் வார்ணிஷ் உரிந்து உள்ளே ஈரம் தேங்கிய தூணைவிட நெடுநாள் நிற்கும்.

முதிரை இன்று உலக அளவில் அருகி வரும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. மெதுவாக வளர்கிற மரம், அனுமதியில்லாமல் வெட்டவோ ஏற்றவோ முடியாது, அப்படியிருந்தும் திருட்டுத்தனமாக வெட்டுப்படுகிறது. மூன்று கோடையில் படலையைக் கெடுத்துவிட்டு அடுத்ததற்கு ஓடர் கொடுக்கிறவர் இன்னொரு மரத்தைச் சாய்க்கச் சொல்கிறார். “நிறம் பூசினால் முதிரையென்று ஆருக்குத் தெரியும்?” என்று கேட்பார்கள். ஸ்டெயின் பெயின்ற் அல்ல, அதற்குள்ளால் மரத்தின் ரேகை தெரியும். அதுவும் போதாது, முதிரையின் மஞ்சள் மினுக்கமே வேண்டும் என்கிறவர் அதை வீட்டுக்குள் கதவாகப் போட்டு, வார்ணிஷை அங்கே அடிக்கட்டும்.