அமீபா ஆராய்ச்சிக்கு எதுக்கு அரசுப் பணம்?

1/ இப்படிக் கேக்கிறவங்களுக்கு ஒரு சின்ன இழை. பொம்மையார்பாளையத்துல இருந்து ஈசிஆர்ல வடக்கே போனா மரக்காணம் உப்பளம். மழைக்காலம் வந்தா பாத்தி வேலை நிக்கும். எடுத்த உப்பைக் குவிச்சு மூடி வெப்பாங்க.

2/ டிக்டியோஸ்டீலியம்ங்கிற ஸ்லைம் மோல்டும் அப்படித்தான். மக்குன இலைக்கடியில பாக்டீரியாவைத் தின்னு வாழும். தீனி தீர்ந்தா சுமார் ஒரு லட்சம் அமீபாக்கள் ஒண்ணுகூடும். 24 மணி நேரத்துல ஐந்தில் ஒரு பங்கு காம்பாகிச் சாகும். மீதி வித்தாகிப் பிழைக்கும்.

3/ பட்டினி தொடங்கினதும் ரைபோசோம் புரதத் தயாரிப்பைக் குறைச்சிடும். ரைபோசோம்தான் செல்லோட புரதத் தொழிற்சாலை. மரபணுவோட ஆர்என்ஏ நகல் கையில இருக்கும். ஆனா செல் அதைப் படிக்காது. பஞ்சத்துல எவன் புதுத் தொழிற்சாலை கட்டுவான்?

4/ நம்ம ரைபோசோமிலும் சுமார் 80 புரதம். அதுல ஆர்பிஎஸ்19 மரபணு பழுதானா டைமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தசோகை வரும்னு 1999ல தெரிஞ்சது. எல்லா செல்லுக்கும் வேண்டிய புரதம்; அடி விழறது பெரும்பாலும் சிவப்பணுவுக்கு.

5/ பெற்றோரே, ஒரு வயசுக்குள்ள குழந்தை வெளுத்து, இரும்புச்சத்து டானிக்குக்கும் தேறலைன்னா, பாட்டிலை மாத்திக்கிட்டே இருக்காதீங்க. ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை பார்க்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அரிய நோய்தான், ஆனா கேட்டாத்தான் பிடிபடும்.

6/ பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல வித்யானந்த் நஞ்சுண்டையா இந்த அமீபாவைப் பல வருஷம் ஆராய்ந்தார். எந்த மரபணு எப்போ வேலை செய்யும், எப்போ நிக்கும்னு எளிய உயிர்ல கத்துக்கிட்டாத்தான் குழந்தைகிட்ட என்ன தேடணும்னு புரியும். அந்தப் பணம் வீண் இல்லைங்க.