மழை விட்ட வாரத்தில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழைக்கு நடுவே சில சமயம் ஒரு வாரம் மழை விட்டுவிடும். பகலில் இளவெயில், இரவில் பனி, உடம்புக்கு இதமான காற்று. கம்பம் பள்ளத்தாக்கில் அப்படியொரு வாரம் வந்தால், "மழைதான் நின்னுருச்சே, இனி மருந்து எதுக்கு?" என்ற பேச்சு பந்தலுக்குப் பந்தல் கேட்கும். திராட்சை போட்டவர்கள் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

நெல்லின் கணக்கு வேறு. முதல் போக அறுவடை பாக்கி இருந்தால் இந்த வாரத்தை விடாதீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் என்ன பாடு என்பது உங்களுக்கே தெரியும்.

பன்னீர் திராட்சைக்கு வருவோம். அடிச்சாம்பல் நோய் மழை பெய்யும் நாளில் இலைக்குள் நுழைகிறது. ஆனால் அன்றே கண்ணில் படாது. ஐந்து முதல் பத்து நாள் கழித்துத்தான் இலையின் மேற்புறம் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் புள்ளி விழும். ஆக, போன வார மழையின் சேதம் இந்த நல்ல வாரத்தில்தான் தெரியவரும். இரவுப் பனியில் இலை ஈரமாகக் கிடந்தால் அடிப்புறம் வெள்ளைப் பூசணம் பூத்து அடுத்த கொடிக்குப் பரவும். அதற்கு மழையே தேவையில்லை. பந்தல் அடர்ந்து நிழல் கட்டியிருந்தால் காலை வெகுநேரம் இலை காய்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் நோய் இன்னும் மோசம். அது மழையை விரும்பாது. மழை இல்லாத, மூட்டமும் மிதமான சூடும் உள்ள நாட்களே அதற்குக் கொண்டாட்டம். புரட்டாசியில் கவாத்து செய்து, தைப் பொங்கலை ஒட்டிக் காய் பறிக்க நினைப்பவர்களின் கொடியில் இப்போது பூவும் பிஞ்சுமாக இருக்கும். இந்த நிலையில் நோய் ஏறினால் கொத்தே போய்விடும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம்தான். வெடித்த பழத்துக்கு வியாபாரி அதைப் பார்த்தா விலை போடுவார்?

அதற்காகக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதையெல்லாம் அடிக்கச் சொல்லவில்லை. முதலில் பாருங்கள். சந்தேகமான இலைகளை ஈரத்துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு இரவு இருட்டில் வையுங்கள். காலையில் அடிப்புறம் வெள்ளை படர்ந்திருந்தால் அது அடிச்சாம்பல். இல்லையென்றால் செலவு மிச்சம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885 முதல் உலகம் அறிந்த மருந்து. ஆனால் அது நோய் நுழையாமல் காக்கும், நுழைந்ததை விரட்டாது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் போதும். கடும் வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கும் என்பதால், இதமான இந்த வாரம் அதற்குத் தோதான வாரமே.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய், வெள்ளிதோறும் வரும் வேளாண் வானிலை அறிக்கை எத்தனை மில்லிமீட்டர் மழை என்று சொல்கிறது. இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்பதல்லவா திராட்சைக்காரருக்கு வேண்டும்? ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கிறது. இலை ஈரத்தை அளந்து, கூடலூருக்கும் சின்னமனூருக்கும் தனித்தனியாகத் தினமும் செல்போனில் அனுப்பினால், எத்தனையோ வீண் தெளிப்பு குறையும். அடுத்த குறைதீர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.