கோடு போடாத தாள்

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வண்ணம் தீட்டும் போட்டிகளுக்குக் குறைவிருக்காது. "கோட்டைத் தாண்டாம அடி, கண்ணு" என்று பின்னால் நின்று சொல்லாத அம்மா உண்டா? போட்டிக்கு அது சரி. மனத்தில் அடிபட்ட பிள்ளைக்குக் கோடே இல்லாத தாள்தான் வேண்டும்.

தாத்தா இறந்துவிட்டார், அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள், பள்ளியில் யாரோ மிரட்டுகிறார்கள். இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளை எந்த வார்த்தையில் சொல்லும்? வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கே துக்கம் வந்தால் பேச்சு வருவதில்லை. பிள்ளை "வயிறு வலிக்குது" என்கும். இரவில் படுக்கையை நனைக்கும். அதனால்தான் விளையாட்டுச் சிகிச்சையில் கேள்விகளுக்கு முன்னால் கிரையானும் களிமண்ணும் மணல் தட்டும் வருகின்றன.

இதற்குத் தமிழர் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த 1996-இல், மட்டக்களப்பில் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' தொடங்கப்பட்டது. கனடா ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் அதற்கு வித்திட்டவர்கள். போரில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். ஒன்றாக விளையாடியதே அவர்களுக்கு மருந்து.

நம் வீட்டிலும் ஒரு வெள்ளைத் தாளை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம். "இது என்ன, மாடா?" என்று கேட்காதீர்கள். "இந்தப் படத்தைப் பத்தி எனக்குச் சொல்றியா?" என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கறுப்பை எடுத்தால் துக்கம், சிவப்பை எடுத்தால் கோபம் என்று நீங்களாக அர்த்தம் கட்ட வேண்டாம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கூட ஒரே படத்தை வைத்து முடிவு சொல்வதில்லை. பிள்ளையைக் கேட்காமல் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். அது அவன் மனசு, அவள் மனசு.

ஒன்றை மறக்கக்கூடாது. வீட்டில் வரைவது ஆறுதல்தான், சிகிச்சை ஆகாது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால், அரசாங்க கிளினிக் மருத்துவரிடம் காட்டி, குழந்தை மனநல நிபுணரைப் பார்க்க வழி கேளுங்கள். யாரோ அடிக்கிறார்கள், தகாத முறையில் தொடுகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தாலியான் காசே 15999 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.