கேமராவைப் பார்க்காத பிள்ளை

பனமலை தாளகிரீசுவரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் முதலில் தேடுவது செல்போனைத்தான். தேடாமல் இருக்கவும் முடியாது. குன்றின் கீழே ஏரி, பின்னால் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த விமானம், தூண்களில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் சிங்கங்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஒரு குடும்பப் படத்துக்கு இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம். ஆனால் கேமரா வெளியே வந்த நொடியில் அத்தனை பேரும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். தாத்தா கையை விறைப்பாகத் தொங்கவிடுகிறார். அம்மா முந்தானையை மூன்றாம் முறையாகச் சரிசெய்கிறார். "இங்க பாருடா கண்ணு, இங்க பாரு" என்று அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போகிறது. மூன்று வயதுப் பிள்ளை மட்டும் பாறை இடுக்கில் ஊரும் கட்டெறும்பைப் பார்த்துக்கொண்டு தானாகவே இருக்கிறது.

அந்த எறும்பையும் பிள்ளையையும் அப்போதே எடுத்திருக்கலாம். அதற்குள் பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார்கள்.

இந்தக் கோயிலின் கருவறை முன் நின்று கும்பிட்டவர்கள் லிங்கத்துக்குப் பின்சுவரில் இருக்கும் சிற்பத்தைக் கொஞ்சம் நின்று பார்த்திருந்தால் நல்லது. சிவன், பக்கத்தில் உமை, அவள் மடியில் குழந்தைக் கந்தன். சோமாஸ்கந்தர் என்று பெயர். காஞ்சி கைலாசநாதர் கோயில், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் என்று ராஜசிம்மன் கட்டியவற்றுக்கெல்லாம் இந்தச் சிற்பம் ஓர் அடையாளம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய தெய்வ உருவம்தான். என்றாலும் அதில் ஒரு வீட்டின் இயல்பு இருக்கிறது. உமை நேர்விறைப்பாக உட்காரவில்லை. உடலைத் திருப்பி, பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பிற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளில் அதே பிள்ளை மடியிலிருந்து இறங்கி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஆடுகிற பாவனையில் நிற்கத் தொடங்கிவிடுகிறது. ஓரிடத்தில் சும்மா இருக்காதது பிள்ளையின் குணம் என்பது சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது.

வெளியே சிறு சன்னதி ஒன்றின் சுவரில் பார்வதியின் ஓவியம் மிஞ்சியிருக்கிறது. தலைக்கு மேல் குடை, மணிமுடி, ஒரு காலை மடித்து உடலைச் சாய்த்து நிற்கும் ஒய்யாரம். சிவன் ஆடுவதைப் பார்த்து நிற்கிறாள் என்பது கலை வரலாற்றாளர்கள் தரும் விளக்கம். அந்த ஆடல் உருவம் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டது. பார்க்கிறவளின் முகம் மட்டும் நிற்கிறது. ஓவியன் அவளை நம் பக்கம் திருப்பியிருந்தால் அந்த முகத்தில் இத்தனை உயிர் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்படியானால் படம் என்றதும் விறைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கேமராவிலிருந்தே வந்தது. 1839-ல் டாகேர் என்பவரின் புகைப்பட முறை வெளியானபோது ஒரு படம் பதிவாகச் சில நிமிடங்கள்கூட ஆயின. பிறகு அது நொடிகளாகக் குறைந்தது. அப்போதும் ஸ்டுடியோக்களில் தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி வைப்பார்கள். குழந்தைகளுக்கு அதுவும் ஒத்துவராது. அதனால் இங்கிலாந்தில் தாய்மார்கள் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலி போல உட்கார, அவர்கள் மடியில் பிள்ளையை வைத்து எடுத்தார்கள். படத்தில் பிள்ளை தனியாக இருப்பதாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் துணிக்கு வெளியே தாயின் கை தெரியும்.

நம் ஊர் ஸ்டுடியோக்களுக்கும் தனி மரபு உண்டு. குப்புறப் படுத்துத் தலை தூக்கிய குழந்தையின் அம்மணப் படம். மொட்டை போடுவதற்கு முன் ஆண்பிள்ளைக்கும் சடை பின்னிப் பூ வைத்து, பொட்டிட்டு எடுக்கும் படம். பூ தைத்த சடையோடு பெண்பிள்ளையை நிறுத்தி, முகமும் சடையும் ஒன்றாகத் தெரியப் பின்னால் கண்ணாடி வைத்து எடுக்கும் படம். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களிலிருந்து இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்படியாக்கிக் காப்பாற்றியிருக்கிறது. மிகப் பெரிய தொண்டு அது. அந்தக் காலப் பிள்ளைகள் சிரிக்காமல் நிற்பதில் ஒரு கம்பீரமும் உண்டு. சிரிக்கச் சொல்லி அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

இன்றைய பிள்ளைக்குத்தான் அந்தத் தொல்லை. டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே முகத் தசைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: வாயோரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும்; கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சி வந்தால்தான் அசையும். "ஈ சொல்லு" என்று கேட்டு வாங்கும் சிரிப்பில் பல் தெரிகிறது, கண் சிரிக்கவில்லை என்பதற்குக் காரணம் இதுதான். பிள்ளை பொய் சொல்லப் பழகாததால் அது இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஆகவே பனமலைக்குப் படமெடுக்கப் போகிற குடும்பம் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, முதல் நாளே தன்னைத் தயார் செய்துகொள்ளலாம். நேரம்தான் பாதி வேலை. கோயில் கிழக்கு பார்த்தது. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம் வெளிச்சம் சாய்வாக, முகத்தில் நிழல் விழாமல் வரும். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கே பாறை சுடத் தொடங்கும். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளை சிரிக்காது. மாலையிலும் வெளிச்சம் நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்குள் சின்னவருக்குத் தூக்கம் சொக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்ட வயிறோடு வரும் காலைப் பிள்ளைக்கு இணையில்லை.

உடை விஷயத்தில் அம்மாக்கள் மன்னிக்க வேண்டும். புதுப் பட்டுப்பாவாடையின் சரிகை கழுத்தில் உரசுகிறது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். இரண்டு மூன்று முறை துவைத்த பருத்திச் சட்டை போதும். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சீருடை எடுக்கும் புது வழக்கமும் வேண்டாம். அவரவர் வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படியே வந்தால் பாறையின் செம்மைக்கு அழகாகப் பொருந்தும்.

போட்டோகிராபர் வருகிறார் என்றால் வந்ததும் கேமராவை எடுக்கவிடக் கூடாது. "அண்ணா, முதல்ல கொஞ்ச நேரம் பையனோட பேசிட்டு இருங்க" என்று சொல்வதில் தவறே இல்லை. நல்ல கலைஞர்கள் சொல்லாமலே அதைச் செய்கிறார்கள். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்தோ மண்டியிட்டோ எடுக்கிறார்கள். ஓடுகிற பிள்ளைக்கு ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒரு நொடியாவது வேண்டும். செல்போன் என்றால் தொடர்ச்சியாகப் படமெடுக்கும் வசதியை வைத்துக்கொண்டு பிறகு தேர்ந்தெடுக்கலாம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில் என்பதால் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். ஓவியத்தின் பக்கம் பிளாஷ் போடவே கூடாது. மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.

பெரியவர்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துவிட்டால் விறைப்பு போய்விடும். தாத்தா பேத்தியின் கையைப் பிடித்துப் படி இறங்கட்டும். பாட்டி நுங்கைக் கட்டைவிரலால் நோண்டிப் பிள்ளையின் வாயில் வைக்கட்டும். கோடையில் இந்தப் பக்கம் நுங்குக்குப் பஞ்சமில்லை. அப்பா ஏரியைக் காட்டிக் கொக்கு எங்கே என்று கேட்கட்டும். கரைக்கு மிக அருகே போகாமல், பிள்ளையின் கையை ஒருவர் பிடித்தபடியே இருந்தால் போதும். எல்லோரும் வரிசையாக நிற்கும் ஒரு படமும் வேண்டும்தான், உறவினர்களுக்கு அனுப்ப. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை அழத் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று பையை மூடிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் செல்போனிலேயே விட்டுவிடுகிறோம். நான்கைந்து படங்களையாவது காகிதத்தில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயர், தேதி, ஊர் எழுதிவைக்கலாம்; பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறும். பழைய ஸ்டுடியோப் படங்களில் எத்தனையோ பிள்ளைகள் இன்று பெயரில்லாமல் நிற்கிறார்கள். பாட்டிக்குக் கொடுக்கும் பிரதி மட்டும் கொஞ்சம் பெரிய அளவில் இருக்கட்டும், கண்ணாடி போடாமலே தெரியும்.