கொப்பரையிலிருந்து பறக்கும் வெப்பம்

உள்ளுறை வெப்பத்தைப் பற்றிய பாடம் நம் பள்ளிகளில் பெரும்பாலும் பனிக்கட்டியுடன் தொடங்குகிறது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோ கலோரியும், ஒரு கிலோகிராம் கொதிநீர் ஆவியாவதற்கு 540 கிலோ கலோரியும் தேவை என்று மாணவன் மனனம் செய்கிறான். பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகிறான். பனிக்கட்டியை ஐஸ் வண்டியில் மட்டுமே கண்ட பிள்ளைக்கு இதில் ஊக்கம் பிறவாதது வியப்பன்று. ஆனால் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர்ப் பிரதேசத்தில் இப்பாடத்துக்குப் பனிக்கட்டி எதற்கு? பங்காருபாளையம், பெனுமூர், ஐராலா, காணிப்பாக்கம் ஆகிய பக்கங்களில், கரும்பு வெட்டும் பருவத்தில், வெல்லக் கொட்டகைகளின் கூரை மீது எழுகின்ற வெண்புகை போன்ற படலமே அந்த 540 கிலோ கலோரியின் கதையைச் சொல்கிறது. (வெண்மையாகத் தெரிவது உண்மையில் ஆவியன்று, காற்றில் குளிர்ந்து நுண்துளியான நீரேயாகும். ஆவி கண்ணுக்குப் புலப்படாது.)

பாடநூலும் கொட்டகையும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதால் நேரும் நஷ்டம் கல்விக்கு மட்டும் உரியதன்று. அது விவசாயியின் எரிபொருளையும், வெல்லத்தின் நிறத்தையும், அதனால் அவனுக்குக் கிடைக்கும் விலையையும் தொடுகிறது.

கணக்கைப் பார்ப்போம். மூன்று உருளை ஆலையில் 100 கிலோகிராம் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 60 கிலோகிராம் சாறு கிடைக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர். முடிவில் கிடைக்கும் வெல்லம் 10 அல்லது 11 கிலோகிராம். ஆகவே, அழுக்கு நுரையை நீக்கிப் பார்த்தால், சுமார் 49 கிலோகிராம் நீர் ஆகாயத்துக்குச் செல்ல வேண்டும். சாற்றை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த 4,000 கிலோ கலோரிக்குச் சற்றுக் குறைவாகவே வேண்டும். ஆனால் அந்நீரை ஆவியாக்க 26,000 கிலோ கலோரிக்கு மேல் தேவைப்படுகிறது. அதாவது, செலவில் எட்டில் ஏழு பங்கு வெப்பநிலையை உயர்த்துவதற்கன்று; நிலைமாற்றத்துக்கே போகிறது. 1760ஆம் ஆண்டுகளில் கிளாஸ்கோ நகரில் ஜோசப் பிளாக் கண்டறிந்த உண்மை இதுவே: வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. வெப்பமானியை அசைக்காமலே ஏராளமான வெப்பம் ஒரு பொருளினுள் புகுந்து மறைந்து விடக்கூடும்.

இவ்வேறுபாடு புரியாத இடத்தில் இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. முதலாவது, கொதிக்கின்ற சாற்றின் கீழ் எவ்வளவு தீயிட்டாலும் அது மேலும் சூடாகும் என எண்ணுவது. நீர் மிகுந்திருக்கும் வரை சாறு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீ மிகுந்தால் ஆவி விரைந்து எழும், அவ்வளவே. இரண்டாவது தவறு இதனினும் கேடு தருவது. இறுதிக் கட்டத்தில் நீர் அருகிப் பாகு கெட்டியாகும்போது, வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும் நீர் அங்கே இல்லை. இப்போது வெப்பநிலை விரைவாக ஏறுகிறது. பாகு வெல்லத்துக்கு 105 அல்லது 106 டிகிரியும், அச்சு வெல்லத்துக்கு 118 டிகிரி அளவும் பதம். அதைத் தாண்டினால், இதுவரை நிலைமாற்றத்தில் செலவான வெப்பம் சர்க்கரையையே சிதைக்கும் இரசாயன மாற்றத்தில் இறங்குகிறது. வெல்லம் கறுத்துக் கசக்கிறது. தீயை நிறுத்தினாலும் அடுப்பின் கனத்த சுவர் சிறிது நேரம் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்குமாதலால், பதத்துக்கு முன்னரே தீயைத் தணிக்க வேண்டும்.

குளிர்ந்த நீரில் ஒரு துளிப் பாகை விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்க்கும் முதியவரை இங்கே இகழ்வது தகாது. அவர் செய்வதும் ஓர் அளவீடே; பெரும்பாலும் சரியான அளவீடு. அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்ட கொட்டகைகளிலேயே அவ்வறிவு அறுந்து போகிறது. அவ்விடங்களில் கறுத்த வெல்லத்தை வெளுக்க 'ஹைட்ரோஸ்' என வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொட்டுகிறார்கள். தீ செய்த பிழையை மருந்தினால் மறைக்கும் இவ்வழக்கம் கண்டிக்கத்தக்கது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது உணவுச் சட்டத்தின் விதி. இத்தனைக்கும், வெளுத்த நிறம் சேமிப்பில் நிலைப்பதுமில்லை.

எரிபொருளின் பக்கம் திரும்பினால் விஷயம் இன்னும் சுவையுடையதாகிறது. சக்கை எரிதல் வெப்பம் உமிழும் இரசாயன வினை. நீர் ஆவியாதல் வெப்பம் கொள்ளும் மாற்றம். முன்னதன் வரவைப் பின்னதன் செலவுக்குக் கொடுக்கும் இடமே கொட்டகை. மேற்சொன்ன 100 கிலோகிராம் கரும்பிலிருந்து 40 கிலோகிராம் ஈரச் சக்கை மிஞ்சும். அதில் பாதி நீர். வெயிலில் நன்கு உலர்த்தினால் 18 கிலோகிராம் நீர் அகன்று விடுகிறது. சூரியன் இதற்காகச் செலவிடும் வெப்பம் 10,000 கிலோ கலோரிக்கு மேல். சாறு முழுவதையும் காய்ச்சத் தேவையான வெப்பத்தில் இது மூன்றில் ஒரு பங்கு! ஈரச் சக்கையை அடுப்பிலிடுபவர், சூரியன் இலவசமாகச் செய்து தரும் வேலையைத் தீயிடம் கேட்கிறார். தீயும் மங்குகிறது, புகையும் பெருகுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் இப்பகுதியில், சக்கைக்கு ஒரு கூரை என்பது ஆடம்பரமன்று.

உலர்ந்த சக்கையில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ 80,000 கிலோ கலோரி. தேவையோ சுமார் 30,000. அப்படியிருந்தும் ஒற்றைக் கொப்பரை அடுப்புகளில் சக்கை முழுவதும் தீர்ந்து போவதேன்? பெரும் பகுதி புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. அப்புகையின் பாதையில் மற்றொரு கொப்பரையை வைத்து அடுத்த சாற்றை முன்கூட்டியே சூடாக்கும் இரட்டைக் கொப்பரை, மூன்று கொப்பரை அடுப்புகளை லக்னோவிலுள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வகுத்துள்ளது. இவை எல்லாக் கொட்டகைக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எளிதாகச் சேமிக்கக்கூடிய வெப்பம் புகையில்தான் இருக்கிறது.

ஆவியுடன் செல்லும் வெப்பத்தை மீட்க முடியாதா என்று மாணவன் கேட்பான், கேட்க வேண்டும். சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், திருப்பதி மலையின் மேல், அதற்கு விடை உண்டு. 2002ஆம் ஆண்டு திருமலையில் 106 குவிதட்டுகளைக் கொண்ட சூரிய நீராவிச் சமையல் அமைப்பு நிறுவப்பட்டது. நாளொன்றுக்குப் பதினையாயிரம் பேருக்குச் சமைக்கத்தக்கதாக அது திட்டமிடப்பட்டது. நீராவி குழாய் வழியே சமையற்கூடத்தை அடைந்து, பாத்திரத்தில் மீண்டும் நீராகக் குளிரும்போது, தான் விழுங்கிய உள்ளுறை வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. (அழுத்தத்துக்கேற்ப 540 என்ற எண் சிறிது குறையும்.) கொட்டகையில் பறக்க விடுவதும், மலைமேல் பிடித்து வைப்பதும் ஒரே வெப்பமே. அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த நார்பெர்ட் ரில்லியூ 1843இல் காப்புரிமை பெற்ற முறையில், ஒரு கலத்தின் ஆவி அடுத்த கலத்தைக் குறைந்த அழுத்தத்தில் கொதிக்க வைக்கிறது. சர்க்கரை ஆலைகள் அம்முறையிலேயே இயங்குகின்றன. திறந்த கொப்பரைக்கு அது ஏற்றதன்று. மூடி வைத்தால் வெல்லம் ஆகாது. எனவே அங்கே சிக்கனம் எரிபொருளின் பக்கத்தில்தான் செய்ய இயலும்.

களப்பணியாளர் ஏக்கருக்கு இத்தனை டன் கரும்பு, மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று குறித்துக்கொள்கிறார். ஒரு கிலோகிராம் வெல்லத்துக்கு எத்தனை கிலோகிராம் சக்கை எரிந்தது என்று குறிப்பவர் அரியர். சாதாரண ஒற்றைக் கொப்பரையில் அது இரண்டு கிலோகிராமுக்கு மேல் ஆகிறது. அந்த ஓர் எண் தெரிந்தால் எந்த அடுப்பு நல்லது, எந்த நாளில் சக்கை ஈரமாக இருந்தது, எங்கே சுவர் வெடித்திருக்கிறது என்பன தாமே விளங்கும். இதனை ஆசிரியரும் பணியாளரும் சேர்ந்து செய்யலாம்: ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வர், ஒரு தராசு, ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, ஒரு பிற்பகல். நிமிடந்தோறும் குறித்த வெப்பநிலையை வரைபடமாக வரைந்தால், நீண்ட சமதளமும் இறுதியில் செங்குத்தான ஏற்றமும் தெளிவாகத் தெரியும். பனிக்கட்டியைக் கொண்டு வரையும் படம் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும்: பள்ளி ஆய்வுக்கூடங்களில் உள்ள வெப்பமானிகள் பல 110 டிகிரி வரையே குறியிடப்பட்டவை, பதம் வரும் வேளையில் அவை வெடித்து, பாதரசம் பாகில் கலந்து விடும். 200 டிகிரி வரை காட்டும், பாதரசமில்லாத கருவியையே கொண்டு செல்ல வேண்டும். மாணவரைக் கொப்பரையின் விளிம்பிலிருந்து எட்டி நிறுத்த வேண்டும்.