சுப்பர் லீக்கில் ஊவா எங்கே?

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலங்கையின் முதலாவது தொழில்முறை உதைபந்தாட்டத் தொடரான சுப்பர் லீக் ஆரம்பமானது. பத்துக் கழகங்கள். அவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இலங்கைப் படத்தை விரித்து வைத்துப் பாருங்கள். கொழும்பு எப்.சி., ரினோன், இரத்தினம் மூன்றும் கொழும்பு. களுத்துறையில் புளூ ஸ்டார், பேருவளையில் ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவையில் நியூ யங்ஸ். தரைப்படைக்கு டிபென்டர்ஸ், கடற்படைக்கு சீ ஹோக்ஸ், விமானப்படைக்கு புளூ ஈகிள்ஸ். மலைநாட்டின் பெயரைச் சுமந்து வந்தது நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் மட்டும்.

படத்தில் புள்ளி வைத்தால் மேல், வடமேல், மத்திய மாகாணங்களோடு புள்ளிகள் முடிந்துவிடும். ஒன்பது மாகாணங்களில் ஆறுக்கு ஒரு கழகமும் இல்லை. அந்த ஆறில் ஒன்று நம்முடைய ஊவா. பதுளைக்கு ரயில் வந்து நூறு வருடம் ஆகிவிட்டது. 1924இல் இங்கே வந்து நின்ற பாதை இன்றும் இங்கேதான் முடிகிறது. உதைபந்தாட்டத்தின் பாதை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பருவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கொரோனாவின் மூன்றாவது அலை ஆரம்பித்த சில நாட்களில் இடையில் நின்று, மறுபடி தொடங்கி, பெரும்பாலும் கொழும்பு மைதானங்களிலேயே ஆடப்பட்டு, ஒருவழியாக முடிந்தது. களுத்துறை புளூ ஸ்டார் சம்பியனானது. அடுத்த வருடம் ஆசியக் கழகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் நேபாளத்தின் மச்சீந்திரா கழகத்தைக் கொழும்பில் 2-1 என்று வென்று, பிறகு கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 0-5 என்று தோற்றது. தோல்வி பெரியதுதான். ஆனாலும் களுத்துறைப் பையன்கள் கொல்கத்தாவின் பெரிய மைதானத்தில் நின்றார்கள். ஒரு லீக் இருந்தால் இப்படி ஒரு வாசல் திறக்கும். கொழும்பு எத்தனையாவது தடவையாக வென்றது என்ற கணக்கைவிட, சின்ன ஊர் ஒன்று அந்த வாசலால் வெளியே போனது எனக்குப் பெரிய விடயமாகத் தெரிகிறது.

ஊவாவில் திறமை இருந்தால் தானாக மேலே வரும், இல்லாதவர்களுக்கு இடம் கேட்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி சரி. லீக் என்பது மாகாணத்துக்கு ஒன்றாகப் பங்கு பிரிக்கும் கந்தூரிச் சோறு அல்ல. ஆடத் தெரியாத அணியை மாகாணப் பெயரைச் சொல்லி உள்ளே விட்டால் முதல் பருவத்திலேயே அவமானப்பட்டுத் திரும்பும். என் கேள்வி வேறு. திறமை தானாக எப்படி வரும்? மேல்மாடி கட்டியாயிற்று, ஏணி எங்கே?

தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். எந்தத் தோட்டம் என்பது முக்கியமில்லை, பசறைப் பக்கமோ ஹாலிஎலப் பக்கமோ மடுல்சீமையோ, எங்கே போனாலும் காட்சி ஒன்றுதான். பிள்ளைகள் விளையாடும் இடம் பிரட்டுக்களம், இல்லாவிட்டால் கோயிலடி, அதுவும் இல்லாவிட்டால் லயத்துக்கு முன்னால் இருக்கும் வாசல். சமதரை என்பது மலையில் தங்கம் மாதிரி. தேயிலை பிடித்தது போக மிச்சமானதுதான் மனிதருக்கு, அதில் மிச்சமானதுதான் விளையாட்டுக்கு. பந்து எல்லை தாண்டினால் மலைச்சரிவில் தேயிலைக்குள் உருண்டு ஆற்றுப்பக்கம் போய்விடும். போய் எடுத்துவரக் கால் மணித்தியாலம். அதனாலோ என்னவோ, எங்கள் பிள்ளைகள் பந்தை ஓங்கி அடிப்பதில்லை. காலுக்குக் காலாகச் சின்னச் சின்னதாகத்தான் கொடுப்பார்கள். பெரிய பயிற்றுநர்கள் காசு கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆட்டம் அது. இங்கே அதை மலை சொல்லிக்கொடுத்திருக்கிறது.

சுப்பர் லீக் தொடங்கிய அதே 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. அதுவும் கேட்ட கொழுந்து நிறைந்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளத்திலிருந்து அரிசி, மா, பாடசாலைச் சப்பாத்து, பஸ் காசு எல்லாம் போன பிறகு, பந்தடிக்கிற பூட்ஸ் ஒரு சோடிக்கு எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று எந்தத் தாயிடமும் கேட்க எனக்கு வாய் வராது. பிள்ளைகளும் கேட்பதில்லை. வெறுங்காலோடு ஆடி, சாதாரண தரம் முடிந்ததும் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். ஏறத்தாழ 290 கிலோமீற்றர், ரயிலில் ஒரு பகல் முழுவதும். கொழும்பில் லீக் நடக்கும் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் சாமான் கட்டிக்கொண்டிருக்கிற நம் பையன்களில் எத்தனை பேருடைய கால்கள் அந்த மைதானத்துக்கு உரியவை என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பட்டணத்துப் பிள்ளைகளாகிய நாமும் இதில் வேறாக இல்லை. பதுளை நகரத்துக்கு வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது, நல்ல மைதானம். நான் கேட்பது அங்கே என்ன நடக்கிறது என்பதை அல்ல, எப்போதும் நடக்கிறதா என்பதை. ஒரு கிண்ணம், ஒரு நினைவுப் போட்டி, ஒரு வார இறுதி, மாலை, பேச்சு, அதோடு சரி. 2022இல் மாகாண அணிகள் மோதிய சுதந்திரக் கிண்ணப் போட்டி வந்தபோதும் நம்மவர்கள் சந்தோசப்பட்டார்கள். மாகாணத்தின் பெயர் போட்ட சட்டையை அணிந்து ஆடுவது பெரிய பெருமைதான். ஆனால் சில வாரங்களில் முடிகிற போட்டி வீரனை உருவாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பவனைக் காட்டிவிட்டுப் போகிறது.

லீக்கின் பெறுமதி அது திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. பத்து அணிகள் ஒரு தடவை மோதினால் 45 ஆட்டங்கள், ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது. ஊருக்கு ஒன்று, எதிரூருக்கு ஒன்று என்று இரு தடவை மோதினால் பதினெட்டு. இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் ஓர் அணிக்கு 38. இன்று தோற்றவன் அடுத்த சனிக்கிழமை மறுபடி இறங்க வேண்டும். அந்த அடுத்த சனிக்கிழமைதான் ஆட்டத்தைப் படிப்பிக்கிறது. பரீட்சைக்கு ஒரே இரவில் படிப்பவளுக்கும் தினமும் படிப்பவளுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் மாணவிகளுக்குத் தெரியாததா?

மலையில் இது நடக்காது என்று சொல்பவர்களுக்கு மிசோரமைக் காட்டுவேன். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், நம்மைப் போலவே மலையும் வளைந்த பாதையுமான சின்ன மாநிலம். 2011 கணக்கெடுப்பில் அதன் சனத்தொகை ஏறத்தாழ 10 இலட்சத்து 97 ஆயிரம். 2012 கணக்கெடுப்பில் நம் ஊவாவின் சனத்தொகை 12 இலட்சத்து 66 ஆயிரம். அதாவது அவர்களைவிட நாம் கூட. அவர்கள் 2012இல் தங்களுக்கென்று மிசோரம் பிரிமியர் லீக்கை ஆரம்பித்தார்கள். உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி ஒன்று கைகொடுத்தது. வீட்டில் இருந்தபடியே சொந்த ஊர்ப் பையனின் ஆட்டத்தைச் சனங்கள் பார்த்தார்கள். ஐந்து வருடம் போனது. 2017 ஏப்ரல் 30இல் ஐசோல் கழகம், மோகன் பகானை ஒரு புள்ளியால் பின்தள்ளி, இந்தியாவின் ஐ லீக் சம்பியனானது. முந்திய பருவத்தில் தரமிறங்கி, வேறு கழகங்கள் விலகியதால் மறுபடி சேர்க்கப்பட்ட கழகம் அது. சென்னையின் கழகத்துக்காகக் கோல் அடித்த ஜெஜே லால்பெக்லுவாவும் அந்த மலைப் பிள்ளைதான். அவர்களுக்கும் சமதரை குறைவு, காசு குறைவு. சனிக்கிழமைகள் மட்டும் குறையவில்லை.

மேலிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 2023 ஜனவரியில் பீபா நம் நாட்டு உதைபந்தாட்ட நிர்வாகத்தைத் தடைசெய்தது, வெளித் தலையீடு என்ற காரணத்துக்காக. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. 1995இல் அதே கிண்ணத்தை வென்ற நாடு நாம்! நாற்காலிக்காக நடக்கும் சண்டையில் கால் முறிவது விளையாடுபவனுக்குத்தான். கொழும்பில் கதவு மூடினால் களுத்துறைக்காவது சத்தம் கேட்கும், பதுளைக்கு அதுவும் கேட்காது. மாவட்டத்தில் நமக்கென்று ஒரு தொடர் இருந்திருந்தால் அந்த ஏழு மாதமும் இங்கே பந்து உருண்டிருக்கும்.

இனி நம் கதை. சுப்பர் லீக் ஆண்களுக்கான லீக். பெண்களுக்குத் தேசிய அணி இருக்கிறது, 2010 முதல் தெற்காசியப் போட்டிகளுக்குப் போய்வருகிறது. அதில் ஆடுபவர்களில் பலர் முப்படைக் கழகங்களைச் சேர்ந்தவர்கள். படையில் சேராத, சேர விரும்பாத பெண்பிள்ளைக்கு வழி மிகக் குறுகியது. அதிலும் பதுளை முஸ்லிம் பெண்பிள்ளைக்கும், தோட்டத்துப் பெண்பிள்ளைக்கும் வழியே கண்ணில் படுவதில்லை.

முக்காடு போட்டுக்கொண்டு ஆட முடியுமா என்று மாணவிகள் கேட்கிறார்கள், அதைவிட அதிகமாக உம்மாமார் கேட்கிறார்கள். முடியும். ஒரு காலத்தில் முடியாதுதான். 2007இல் சட்டம் அதை மறுத்தது. 2011இல் ஈரான் பெண்கள் அணி, உடையின் காரணமாக, ஜோர்தானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தை ஆடாமலே இழந்தது. வீராங்கனைகளும் நிர்வாகிகளும் விடாமல் வாதாடினார்கள். 2012இல் பரீட்சார்த்தமாகவும் 2014இல் நிரந்தரமாகவும் அனுமதி வந்தது. 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா முக்காட்டோடு தென்கொரியாவுக்கு எதிராக இறங்கினார். அந்த ஆட்டத்தை மொரோக்கோ 1-0 என்று வென்றது. உலக அளவில் தீர்ந்துபோன இந்தக் கேள்வியை நம் வீட்டுக் குசினியில் இன்னும் ஏன் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லை.

வாப்பாமாரின் பயம் வேறு. படிப்புக் கெடும், வெயிலில் கறுத்துப்போவாள், நாளை சம்பந்தம் பேசும்போது யாரும் ஏதும் சொல்வார்கள். முதலாவதுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கிழமைக்கு இரண்டு பின்னேரம், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். கைத்தொலைபேசியில் போகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்ல. பாதுகாப்பு, ஆசிரியை கூட வருவது, மறைவான நேரம், போய்வரும் வாகனம் பற்றிய கவலைகள் நியாயமானவை. அவை ஏற்பாட்டால் தீரக்கூடியவை. ஏற்பாடு செய்யாமல் இருப்பதற்கு அவற்றைச் சாட்டாகச் சொல்லாதிருந்தால் போதும்.

ஊவாவுக்கு உடனே ஒரு சுப்பர் லீக் கழகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வந்தால் வரட்டும். முதலில் பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளைப் பாடசாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே ஆறு மாதம் ஓடும் ஒரு சனிக்கிழமைத் தொடர் வேண்டும். திகதிகள் முன்கூட்டியே அச்சிட்டு ஒட்டப்பட வேண்டும். ஆண்பிள்ளைகள் ஆடும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் இரண்டு மணித்தியாலம் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு என்று எழுதப்பட வேண்டும். கம்பனிகள் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு துண்டுச் சமதரையைத் தேயிலைக்குக் கொடுக்காமல் பிள்ளைகளுக்கு விட வேண்டும். நகரத்து வியாபாரிகள் நினைத்தால் பத்துச் சோடி பூட்ஸ் ஒரு தோட்டத்துக்கு என்பது பெரிய செலவல்ல. நோன்பு காலத்தில் எவ்வளவு தாராளமான கைகள் அவை என்று இந்த ஊருக்குத் தெரியும்.

போன தவணை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுப்பர் லீக் கழகங்கள் பத்தின் பெயரையும் ஒப்புவித்துவிட்டு, "டீச்சர், பதினோராவது எங்கட ஊரா இருந்தா அதுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்கப் பெயர் சொன்னது. நமுனுகுலை, துன்ஹிந்தை, தெமோதரை என்று கரும்பலகை நிறைந்தது. மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.